பட்டனில் இருக்கும்போது கால் செய்வதா, ரெய்ஸ் செய்வதா? கடைசி இருக்கைகளுக்கான ப்ரீ-ஃப்ளாப் வழிகாட்டி

நோ-லிமிட் டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டம் ஓரளவு ஆடத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கை எதை வெல்லும், பிளைண்ட் யார் போடுவது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கணக்கு எளிதாக இருக்க, எல்லா உதாரணத்திலும் ஸ்மால் பிளைண்ட் 50, பிக் பிளைண்ட் 100, ஆளுக்கு 10,000 சிப்ஸ். வேறு அளவு வந்தால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சிப்ஸ் என்றுதான் சொல்கிறேன், ரூபாய் என்று சொல்லவில்லை. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. ஆகவே இங்கே இருப்பவர்கள் இலவச சிப்ஸில் ஆடிப் பழகுங்கள். சட்டப்படி ஆடக்கூடிய நாட்டில் இருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான்.

1. கடைசி இருக்கை என்றால் எது

டீலர் குறி இருக்கும் இருக்கையான பட்டனும், அதற்கு வலப்பக்கம் இருக்கும் கட்-ஆஃபும். ஃப்ளாப், அதாவது நடுவில் முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டுகள், வந்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பட்டன்தான் கடைசியாக முடிவெடுக்கும். மற்றவர் செக் செய்தாரா, பெட் போட்டாரா, எவ்வளவு போட்டார் என்று பார்த்துவிட்டு நீங்கள் பேசலாம். ஆளைப் பார்த்துவிட்டுப் பேசும் இந்த வசதிக்குத்தான் இவ்வளவு மதிப்பு.

கட்-ஆஃபுக்கு இந்த வசதி பாதிதான். பட்டனில் இருப்பவர் சீட்டைப் போட்டுவிட்டால் கட்-ஆஃப்தான் கடைசி; போடாவிட்டால் இல்லை. அதனால் கட்-ஆஃபில் இருக்கும்போது இடப்பக்கம் ஒரு பார்வை பாருங்கள். நேரில் ஆடும் மேசையில் பட்டனில் இருப்பவர் தன் முறை வரும் முன்பே சீட்டை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, தூக்கிப் போடத் தயாராக இருப்பது பல நேரம் அப்படியே தெரியும். அப்படித் தெரிந்தால் உங்கள் கட்-ஆஃப் அந்தக் கைக்குப் பட்டன் ஆகிவிட்டது. பிளைண்டில் இருப்பவர்களும் இப்படிக் காட்டிக்கொடுப்பார்கள்.

2. எல்லாரும் ஃபோல்ட் செய்துவிட்டு உங்களிடம் வந்தால்

இங்கே கேள்வியே இல்லை. ரெய்ஸ், அல்லது ஃபோல்ட். வெறும் 100 போட்டு உள்ளே நுழையும் லிம்ப் வேண்டாம்.

ஏன் என்று பார்ப்போம். நீங்கள் 100 போட்டு லிம்ப் செய்தால் பிளைண்டில் இருக்கும் இரண்டு பேரும் மிரளப் போவதில்லை. ஸ்மால் பிளைண்ட் இன்னொரு 50 போடுவார். பிக் பிளைண்ட் ஒரு காசு கூடப் போடாமல் ஃப்ளாப் பார்ப்பார். அவர் கையில் 7-2 இருக்கலாம். ஃப்ளாப்பில் அவருக்கு இரண்டு ஜோடி விழுந்தால் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. ரெய்ஸ் செய்திருந்தால் அந்தக் கை அப்போதே குப்பைக்குப் போயிருக்கும். லிம்ப் செய்தவர் ஜெயிக்க வேண்டுமென்றால் ஃப்ளாப்புக்குப் பிறகுதான் ஜெயிக்க முடியும். ரெய்ஸ் செய்தவருக்கு அதற்கு முன்னாலேயே பாட் கிடைக்க ஒரு வழி இருக்கிறது.

அந்த வழியின் விலையைக் கணக்கிடலாம். நடுவில் இருப்பது 150. நீங்கள் 250 போடுகிறீர்கள். இரண்டு பிளைண்டும் சேர்ந்து எத்தனை முறை விலகினால் உங்களுக்கு நட்டம் இல்லை? 250-ஐ 400-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். 200 மட்டும் போட்டால் 57 சதவீதம் போதும். 300 போட்டால் 67 சதவீதம் தேவை. கையில் ஒன்றுமே இல்லாமல், ஃப்ளாப்பைப் பார்க்காமலே விட்டுவிடுவதாக வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் கால் வந்தாலும் உங்களுக்குச் சீட்டும் இருக்கிறது, இருக்கையும் இருக்கிறது. அதனால் தேவைப்படும் அளவு இதைவிடக் குறையும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். நீங்கள் 250 போட்டதும் பிக் பிளைண்ட் இன்னும் 150 போட்டால் போதும். நடுவில் ஏற்கெனவே 400 இருக்கிறது. 550-ல் 150, அதாவது 27 சதவீத வாய்ப்பு இருந்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். விவரம் தெரிந்தவர் நிறையக் கைகளோடு கால் செய்வார். அதனால் 'பட்டனில் எதை வேண்டுமானாலும் ரெய்ஸ் செய்யலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கால் வந்த பிறகும் ஆடக்கூடிய கையாக அது இருக்க வேண்டும்.

எவ்வளவு கைகள்? ஆறு பேர் மேசையில் பட்டனிலிருந்து கிட்டத்தட்ட 40 முதல் 50 சதவீதம், கட்-ஆஃபிலிருந்து 25 முதல் 28 சதவீதம் என்பது பரவலாகச் சொல்லித்தரப்படும் அளவு. பட்டனில் எல்லா ஜோடிகள், ஒரே இனத்து ஏஸ் எல்லாம், ஒரே இனத்து கிங் எல்லாம், ஏஸோடு வேறு இனத்தில் எட்டு ஒன்பதுக்கு மேல், 5-4 வரைக்கும் ஒரே இனத்து அடுத்தடுத்த சீட்டுகள் என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிளைண்டில் இருப்பவர்கள் கறாரானவர்கள் என்றால் கூட்டுங்கள். எதற்கும் விலகாதவர்கள் என்றால் J-7, Q-6 மாதிரி வேறு இனக் கைகளை வெட்டிவிடுங்கள்.

லிம்ப் விஷயத்தில் இன்னொரு சாட்சியும் உண்டு. 2019-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நோம் பிரவுனும் தூமாஸ் சாண்ட்ஹோமும் உருவாக்கிய புளூரிபஸ் என்ற கணினி நிரல், ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. மனிதர்களின் ஆட்டத்தைக் காட்டாமல், தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்ட நிரல் அது. ஸ்மால் பிளைண்டைத் தவிர வேறு எந்த இருக்கையிலும் லிம்ப் செய்வது லாபமில்லை என்ற பழைய அனுபவ அறிவுக்குத்தான் அதுவும் வந்து சேர்ந்தது.

3. உங்களுக்கு முன்னால் ஒருவர் லிம்ப் செய்திருந்தால்

அவர் வெறும் 100 போட்டிருக்கிறார். பெரும்பாலும் அது 'ஃப்ளாப் பார்க்கலாமே' என்ற ஆசை. அவரோடு மட்டும் தனியாக, நீங்கள் கடைசியில் பேசும் நிலையில் ஆட முடிந்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. 400 போடுங்கள். லிம்ப் செய்தவர் இரண்டு பேர் என்றால் 500. ஒவ்வொரு ஆளுக்கும் 100 கூட்டிக்கொண்டே போகலாம். A-T (T என்றால் பத்து), K-Q, 8-க்கு மேற்பட்ட ஜோடிகள், ஒரே இனத்து K-J, Q-J எல்லாம் இதற்கு நல்ல கைகள்.

மூன்று நான்கு பேர் ஏற்கெனவே உள்ளே இருந்தால் மட்டும் பின்னாலேயே 100 போட்டு நுழைவதற்கு அர்த்தம் உண்டு. சின்ன ஜோடி, 7-6 ஒரே இனம், ஏஸோடு சின்னச் சீட்டு ஒரே இனம் போன்றவை. விழுந்தால் பெரிதாக விழும், விழாவிட்டால் 100-ஓடு போய்விடும். வேறு இன K-J-வை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஐந்து பேர் ஃப்ளாப் பார்க்கும் பாட்டில் ஒரு ஜோடி பெரிய கை இல்லை.

4. முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்திருந்தால்

வழிகாட்டியின் கனமான பகுதி இதுதான். இப்போது மூன்று வழி: ஃபோல்ட், கால், மறுபடி ரெய்ஸ். மூன்றாவதைத் திரீ-பெட் என்பார்கள்.

டேவிட் ஸ்க்லான்ஸ்கி 'கேப் கான்செப்ட்' என்று ஒன்றைச் சொன்னார். நீங்கள் முதல் ஆளாக ரெய்ஸ் செய்யத் தேவைப்படும் கையைவிட, இன்னொருவர் செய்த ரெய்ஸுக்குக் கால் செய்ய நல்ல கை தேவை. அவர் ஏற்கெனவே 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்லிவிட்டார் அல்லவா. அவர் எந்த இருக்கையிலிருந்து சொன்னார் என்பதைப் பொறுத்து அந்த இடைவெளி கூடும், குறையும்.

ஒரு கையை எடுத்து உள்ளே போய்ப் பார்ப்போம். உங்களிடம் வேறு இன K-Q. நீங்கள் பட்டன். ஒன்பது பேர் மேசையில் முதல் இருக்கையில் இருக்கும் கறாரான ஆள் 300 போடுகிறார். அவர் அங்கிருந்து போடுவது 9-9 முதல் A-A வரையிலான ஜோடிகள், A-K, ஒரே இன A-Q மட்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் ஒரு கிங்கும் ஒரு குயினும் இருப்பதால் அவரிடம் K-K வர 3 வழி, Q-Q வர 3 வழிதான் மிச்சம். A-A 6, J-J 6, T-T 6, 9-9 6. A-K 12. ஒரே இன A-Q 3. மொத்தம் 45.

இதில் A-A, K-K, Q-Q, A-K, A-Q சேர்ந்து 27. அதாவது பத்துக்கு ஆறு முறை நீங்கள் மோசமாக அடிபட்டிருக்கிறீர்கள். ஃப்ளாப்பில் கிங்கோ குயினோ விழுந்தால்தான் ஆபத்தே. மீதி 18-ல் அவரிடம் ஜோடி, உங்களிடம் இரண்டு பெரிய சீட்டு. அங்கும் அவர் ஒரு படி முன்னால்தான். 45 வழியில் ஒன்றில்கூட நீங்கள் முந்தவில்லை. பார்க்க அழகான கை, ஆனால் இடம் ஃபோல்ட்.

அதே K-Q. இப்போது ரெய்ஸ் செய்தவர் கட்-ஆஃபில் இருப்பவர், 250. அவருடைய கைகள் 27 சதவீதம் அளவு. அதில் K-J, K-T, Q-J, Q-T, J-T, சின்ன ஜோடிகள், ஏஸோடு சின்னச் சீட்டு என்று எவ்வளவோ. உங்கள் K-Q-வால் அடிபடும் கைகள் அதில் தாராளமாக இருக்கின்றன. திரீ-பெட் செய்யலாம், கால் கூடச் செய்யலாம். ஃபோல்ட் செய்தால்தான் நட்டம். சீட்டு மாறவில்லை, எதிரே இருப்பவரின் இருக்கை மாறியது, அவ்வளவுதான்.

ஆக, முதல் கேள்வி: ரெய்ஸ் செய்தது யார், எங்கிருந்து? அப்புறம் இன்னும் மூன்று கேள்விகள்.

உங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? 7-7 வைத்துக்கொண்டு கால் செய்கிறீர்கள். பிக் பிளைண்டில் இருப்பவர் 1,200-க்குத் தூக்குகிறார். உங்கள் 250 ஃப்ளாப்பைப் பார்க்காமலே போய்விட்டது. அப்படிப்பட்ட ஆள் பின்னால் இருந்தால் கால் செய்யும் கைகளைக் குறைத்துவிடுங்கள். பின்னால் இருப்பவர்கள் சுமாரான கையோடு கால் செய்து உள்ளே வருபவர்கள் என்றால் கால் நல்ல வழி, அவர்களை விரட்டுவானேன்? கட்-ஆஃபில் கால் செய்வதற்கு எதிரான வாதமும் இதுதான். அங்கே உங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், அதில் ஒருவர் பட்டன். சிறந்த ஆட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சால்வர் மென்பொருள்கள் தரும் ஆறு பேர் மேசை அட்டவணைகளில் கட்-ஆஃபுக்குக் கால் என்பது பெரும்பாலும் மெலிந்த ஒரு பகுதிதான். பட்டனுக்குக் கொஞ்சம் அகலம்.

எவ்வளவு சிப்ஸ் மிச்சம்? சின்ன ஜோடிக்கு இந்தக் கேள்விதான் உயிர். ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு விழுந்து செட் ஆவது சுமார் 11.8 சதவீதம், எட்டரை முறைக்கு ஒரு தடவை. விழுந்தாலும் எதிராளி ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கொட்டப் போவதில்லை. அதனால் கால் செய்யும் தொகையைப் போல 15 முதல் 20 மடங்காவது இருவரிடமும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். 250-க்குக் கால், இருவரிடமும் 10,000 என்றால் 40 மடங்கு, தாராளமாக ஆடலாம். எதிராளியிடம் 2,500 மட்டும் இருந்தால் 10 மடங்கு. செட்டுக்காகக் காத்திருந்து கால் செய்வது அங்கே கையைக் கடிக்கும்.

மேசைக்கு எவ்வளவு போகிறது? காசினோக்களில் பாட்டிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள், ரேக் என்று பெயர். பெரும்பாலான இடங்களில் ஃப்ளாப் விழாமல் முடிந்த பாட்டில் கை வைப்பதில்லை. கால் செய்தால் பெரும்பாலும் ஃப்ளாப் விழும், பங்கும் போகும். திரீ-பெட் செய்து அங்கேயே முடித்தால் முழுதும் உங்களுக்கு. சின்ன அளவில் ஆடும் மேசையில், பாட்டோடு ஒப்பிட்டால் ரேக் பெரிது. அங்கே இழுபறியான கையைக் கால் செய்வதை நிறுத்தினாலே கணக்கில் வித்தியாசம் தெரியும்.

5. எந்தக் கையை எந்தப் பக்கம் தள்ளுவது

கட்-ஆஃப் 250 போட்டிருக்கிறார், நீங்கள் பட்டன் என்ற சூழலையே வைத்துக்கொள்வோம்.

A-A, K-K, Q-Q, J-J, A-K: திரீ-பெட். 'மறைத்து வைத்து மாட்டவைக்கிறேன்' என்று A-A-வைக் கால் செய்வது கதைக்கு நன்றாக இருக்கும். பிளைண்டில் இருந்து இரண்டு பேர் சேர்ந்து உள்ளே வந்தால் கதை மாறிவிடும். பெரிய கை இருக்கும்போது பாட்டைப் பெரிதாக்குங்கள்.

நடுத்தரமான நல்ல கைகள்: 7-7 முதல் T-T வரை, ஒரே இன Q-J, J-T, T-9, A-J மாதிரி. இவைதான் கால் செய்யப் பிறந்தவை. காரணம் ஒன்று உண்டு. இவற்றோடு திரீ-பெட் செய்து, எதிராளி அதற்கும் மேலே தூக்கி ஃபோர்-பெட் போட்டால், ஃப்ளாப் பார்த்திருந்தால் நன்றாக வந்திருக்கக்கூடிய ஒரு கையைக் கீழே போட வேண்டியிருக்கும். கால் செய்தால் அவருடைய சுமாரான கைகளும் உள்ளேயே இருக்கும், நீங்கள் கடைசியில் பேசுவீர்கள்.

அப்புறம் வருவது வேடிக்கையான வகை. கால் செய்வதற்குக் கொஞ்சம் போதாத, ஆனால் கீழே போடவும் மனசு வராத கைகள். A-5, A-4 ஒரே இனம் இதற்கு நல்ல உதாரணம். உங்களிடம் ஒரு ஏஸ் இருப்பதால் எதிராளியிடம் A-A வரும் வழி 6-லிருந்து 3 ஆகிறது, A-K வரும் வழி 16-லிருந்து 12. A-A, K-K, Q-Q, A-K நான்கையும் சேர்த்தால் 34 வழி இருந்தது 27 ஆகிவிட்டது. உங்களைத் திருப்பி அடிக்கக்கூடிய கைகளில் ஐந்தில் ஒரு பங்கை உங்கள் ஏஸே பிடித்து வைத்திருக்கிறது. கால் வந்தாலும் ஃப்ளஷ், ஏஸிலிருந்து ஐந்து வரை ஸ்ட்ரெய்ட் இரண்டுக்கும் இடம் உண்டு. ஃபோர்-பெட் வந்தால் யோசிக்காமல் போட்டுவிடலாம், மனசு வலிக்காது. A-5 ஆகட்டும், ஒரே இன K-9 ஆகட்டும், இந்த வகையில் நான்கைந்து கைகள் போதும். அதற்கு மேல் சேர்த்தால் மேசை உங்களைக் கண்டுகொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ரெய்ஸ் செய்தவர் திரீ-பெட்டுக்கு எப்போதும் விலகாதவர் என்றால் இந்த A-5 வகையை மறந்துவிட்டு, A-Q, K-Q, T-T போன்றவற்றை மேலே ஏற்றுங்கள். விலகாதவனிடம் ஏமாற்று வேலை செய்வது வீண். நல்ல கையோடு காசை வாங்க வேண்டியதுதான்.

அளவு: நீங்கள் அவருக்குப் பின்னால் பேசுபவர் என்பதால் அவர் போட்டதைப் போல மூன்று மடங்கு, 750 அல்லது 800. 500 போட்டால் அவருக்கு மலிவான விலை கொடுத்ததாகிவிடும். 750 போட்டு 400-ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். அங்கேயே நட்டமில்லாமல் இருக்க 65 சதவீதம் முறை எல்லாரும் விலக வேண்டும். அவ்வளவு விலகமாட்டார்கள். மீதியை ஃப்ளாப்புக்குப் பிறகு உங்கள் இருக்கை சம்பாதித்துத் தர வேண்டும். குப்பைக் கையோடு திரீ-பெட் செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

6. ஒருவர் ரெய்ஸ், இன்னொருவர் கால், பிறகு நீங்கள்

கால் செய்தவரிடம் A-A, K-K இருப்பது அரிது; இருந்திருந்தால் அவரே தூக்கியிருப்பார். ரெய்ஸ் செய்தவர் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டியிருக்கிறார். நல்ல கையோடு இங்கே 1,000 முதல் 1,200 வரை போட்டால் 650 சிப்ஸ் அப்படியே கைக்கு வரும் வாய்ப்பு உண்டு. இதற்கு ஸ்க்வீஸ் என்று பெயர். சின்ன ஜோடிக்கும் ஒரே இன அடுத்தடுத்த சீட்டுகளுக்கும் கால். விலை நன்றாக இருக்கிறது, விழுந்தால் கொடுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள்.

7. நண்பர்கள் வீட்டு மேசை

மேலே சொன்ன 250 அங்கே செல்லாது. ஐந்து பேர் சிரித்துக்கொண்டே கால் செய்வார்கள். அங்கே 500, 600 என்று போடுங்கள். எத்தனை போட்டால் ஒருவரோ இருவரோ மட்டும் வருகிறார்கள் என்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். விலகவைக்கும் நோக்கத்தோடு செய்யும் ரெய்ஸ் எல்லாவற்றையும் ஓரம் வையுங்கள். A-9, K-T வேறு இனம் அங்கே ஆபத்து. ஜோடிகளும் ஒரே இன ஏஸும் அங்கே தங்கம்.

8. டோர்னமென்ட், குறைந்த சிப்ஸ்

பிக் பிளைண்ட் அளவுக்கு ஆன்ட்டியும் (ஒவ்வொரு கைக்கும் முன்பே நடுவில் வைக்கும் கூடுதல் சிப்ஸ்) சேர்ந்தால் நடுவில் 250 ஆகிவிடும். 200 மட்டும் போட்டு ரெய்ஸ் செய்தால் 44 சதவீதம் முறை விலகினாலே போதும். பட்டனில் அதிகக் கைகளை ஆட வேண்டியிருப்பது இதனால்தான். ஆனால் பிக் பிளைண்டுக்கும் கால் செய்வது மலிவு: 550-ல் 100.

உங்களிடம் 20 பிக் பிளைண்ட் இருக்கும்போது ரெய்ஸுக்குக் கால் செய்து செட் எதிர்பார்ப்பது போன்ற ஆடம்பரம் கிடையாது. திரீ-பெட் என்றால் பல நேரம் எல்லாவற்றையும் தள்ளுவதுதான். 10-க்குக் கீழே போனால், எல்லாரும் விலகி உங்களிடம் வரும்போது ஆல்-இன் அல்லது ஃபோல்ட்.

9. பழகுவது எப்படி

அட்டவணை முழுவதையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு வாரம் பட்டன் மட்டும். ஒவ்வொரு முறை பட்டன் உங்களிடம் வரும்போதும், கை, யார் ரெய்ஸ் செய்தார், எங்கிருந்து, பின்னால் யார், நீங்கள் செய்தது என்ன என்று ஐந்து விஷயத்தை மட்டும் ஆட்டம் முடிந்ததும் எழுதுங்கள். எழுதியதில் கால் செய்தவற்றைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'திரீ-பெட் ஏன் செய்யவில்லை, ஃபோல்ட் ஏன் செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். வரி எழுத வராத கைகளை அடுத்த வாரம் ஃபோல்ட் பக்கம் நகர்த்திவிட்டு, கட்-ஆஃபுக்குப் போகலாம்.